வீல் அளவும் எடையும் பிரேக் இடைவெளியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலாய் வீல் மாற்ற நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது டிசைனை. அடுத்து அங்குலத்தை. எடையைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. பிரேக் காலிப்பர் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டான டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) உள்ளே அடங்குமா என்ற கேள்வி, வீலைக் கொண்டுவந்து மாட்டப் பார்த்து அது உட்கார மறுக்கும்போதுதான் எழுகிறது. அந்த வரிசையைத் தலைகீழாக்கினால் பாதிச் சிக்கல் வராது என்பது என் கட்சி. கீழே உள்ள பதில்களில் அந்தச் சார்பு தெரியும்.

பெரிய வீல் போட்டால் கார் வேகமாகப் போகுமா?

போகாது. பெரும்பாலும் பிக்கப் கொஞ்சம் குறையும். பெரிய வீலால் கிடைப்பது வேறு: டயரின் பக்கச் சுவர் குட்டையாவதால் ஸ்டீயரிங் திருப்பியதும் கார் உடனே திரும்பும், உள்ளே பெரிய பிரேக் டிஸ்க்குக்கு இடம் வரும், பார்வைக்கும் எடுப்பாக இருக்கும். இந்த மூன்றில் எது உங்களுக்கு வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் மற்ற கேள்விகளுக்குப் பதில் தானாக வந்துவிடும்.

டயரில் இருக்கும் 205/55 ஆர்16 91வி என்பதை எப்படிப் படிப்பது?

205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது பக்கச் சுவரின் உயரம், ஆனால் மில்லிமீட்டரில் இல்லை. அகலத்தில் நூற்றுக்கு 55 பங்கு. அதாவது 112.75 மி.மீ. ஆர் என்றால் ரேடியல். 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 91 என்பது சுமைக் குறியீடு. ஒரு டயர் 615 கிலோ வரை தாங்கும் என்று பொருள். வி என்பது வேகக் குறியீடு; மணிக்கு 240 கிலோமீட்டர்.

ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம், குறியீட்டு எண், எழுத்து. இதை வடிவமைத்தவர்கள் யாருக்கும் சுலபமாக இருந்துவிடக் கூடாது என்று நினைத்திருக்க வேண்டும்.

இதிலிருந்து மொத்த விட்டம் கண்டுபிடிக்கலாம். 16 அங்குலம் 406.4 மி.மீ. மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர், ஆக 225.5. கூட்டினால் ஏறத்தாழ 632 மி.மீ. இப்போது 17 அங்குலத்துக்குப் போகிறீர்கள், 225/45 ஆர்17 போடுகிறீர்கள் என்றால் 634. 18 அங்குலத்தில் 225/40 ஆர்18 என்றால் 637. ரிம் இரண்டு அங்குலம் வளர்ந்தும் டயரோடு சேர்ந்த மொத்த உயரம் ஐந்து மில்லிமீட்டர்தான் கூடியிருக்கிறது. அப்சைஸ் பண்ணும்போது இந்த மொத்த விட்டத்தை மாறாமல் காப்பாற்றுவதுதான் அடிப்படை. மூன்று சதவீதத்துக்கு மேல் போகவிடக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் எல்லை.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். 225/40 ஆர்18 அளவில் சாதாரண டயரின் சுமைக் குறியீடு 88. அது 560 கிலோதான். பழைய டயர் 615 தாங்கியது. அதே அளவில் எக்ஸ்எல் என்று குறிக்கப்பட்ட, கூடுதல் சுமை தாங்கும் 92 குறியீட்டு டயர் கிடைக்கும். அது 630 கிலோ. ஆனால் அந்தச் சுமையைத் தாங்க அதற்குக் கூடுதல் காற்று வேண்டும். அளவு சரியாக இருக்கிறது என்று சுமைக் குறியீட்டைப் பார்க்காமல் வாங்குபவர்கள் நிறையப் பேர்.

மொத்த விட்டம் கூடினால் என்ன ஆகும்?

இன்ஜின் தரும் திருப்புவிசை ஆக்ஸில் வழியாக டயருக்கு வருகிறது. டயரின் ஆரம் கூடினால் தரையைத் தள்ளும் விசை அதே விகிதத்தில் குறையும். மூன்று சதவீதம் பெரிய டயர் என்றால் எல்லா கியரும் மூன்று சதவீதம் 'நீளமாகி' விட்டதாக வைத்துக்கொள்ளலாம். நெடுஞ்சாலையில் இன்ஜின் சுற்று கொஞ்சம் குறையும். மேட்டில் இழுவையும் குறையும்.

பிரேக்குக்கும் இதே கணக்கு பொருந்தும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. டிஸ்க் தரும் பிடிவிசையும் டயரின் ஆரம் வழியாகத்தான் தரைக்குப் போகிறது. ஆரம் மூன்று சதவீதம் கூடினால், அதே அளவு நிறுத்த பெடலை மூன்று சதவீதம் கூடுதலாக மிதிக்க வேண்டும். காரில் இதை உணர்வது கடினம். ஆனால் உயரமான, தடித்த பட்டன்கள் கொண்ட ஆஃப்ரோடு டயர் போட்டு விட்டம் பத்து சதவீதம் கூடிய ஜீப் வகை வண்டிகளில் 'பிரேக் மந்தமாகிவிட்டது' என்று புகார் வருவது இதனால்தான்.

ஸ்பீடோமீட்டரும் மாறும். ஐ.நா.வின் 39ஆம் விதிமுறைப்படி ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், உண்மை வேகத்தில் பத்து சதவீதமும் அதற்கு மேல் 4 கிலோமீட்டரும் வரை. அதனால் தயாரிப்பாளர்கள் எப்போதும் கொஞ்சம் கூட்டியே காட்டும்படி வைக்கிறார்கள். பெரிய டயர் போட்டதும் அந்தக் கூடுதல் கரைந்துபோகும். இன்னும் பெரிதாகப் போட்டால் மீட்டர் 80 என்று காட்டும்போது நீங்கள் 83இல் போய்க்கொண்டிருப்பீர்கள்.

'வீலில் ஒரு கிலோ குறைத்தால் பாடியில் பத்துக் கிலோ குறைத்ததற்குச் சமம்' என்கிறார்களே, உண்மையா?

இல்லை. சிலர் நாலு என்பார்கள், சிலர் எட்டு, சிலர் பத்து. பிக்கப்பைப் பொறுத்தவரை இயற்பியல் அனுமதிக்கும் உச்சம் இரண்டு. அதற்கு மேல் சொல்பவர் எதையோ விற்க வந்திருக்கிறார்.

கணக்கு இதுதான். சுழலும் பொருளை இரண்டு வகையில் வேகப்படுத்த வேண்டியிருக்கிறது: காரோடு சேர்ந்து முன்னே தள்ள வேண்டும், சுழற்றவும் வேண்டும். முன்னே தள்ளுவதற்கு ஒரு கிலோ ஒரு கிலோதான். சுழற்றுவதற்கான கூடுதல் சுமை, அந்த எடை மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அந்தத் தூரத்தை டயரின் ஆரத்தால் வகுத்து, வந்ததை வர்க்கப்படுத்தினால் கிடைக்கும். டயரின் தரை தொடும் பட்டையில் இருக்கும் ஒரு கிலோவுக்கு இது 0.9 போல வரும். ஆக மொத்தம் 1.9 கிலோவுக்குச் சமம். 16 அங்குல ரிம்மின் வெளி வளையத்தில் இருக்கும் ஒரு கிலோவுக்கு 0.4, மொத்தம் 1.4. ஹப்பை (வீல் மாட்டப்படும் மையப் பாகம்) ஒட்டிய மையத்தில் இருக்கும் எடைக்குச் சுழற்சிச் சுமை ஏறக்குறைய பூஜ்யம்.

நடைமுறைக்கு வருவோம். கார் 1300 கிலோ. 16 அங்குலத்திலிருந்து 18 அங்குலத்துக்குப் போனதில் ஒவ்வொரு சக்கரமும் 4 கிலோ கூடியது என்று வையுங்கள். நாலுக்கும் 16 கிலோ. சுழற்சியையும் சேர்த்தால் 24 கிலோ போலக் கணக்காகும். காரின் எடையில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. பூஜ்யத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்துக்குப் பத்து விநாடி எடுத்த கார் இனி 10.2 விநாடி போல எடுக்கும். பின் சீட்டில் ஒரு பள்ளிச் சிறுவன் ஏறிக்கொண்ட மாதிரி. இல்லை என்று சொல்ல முடியாது. கார் செத்துப்போய்விட்டது என்றும் சொல்ல முடியாது.

பிரேக்குக்கும் இதேபோல் பார்க்கலாம். 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 1300 கிலோ காரின் இயக்க ஆற்றல் சுமார் 500 கிலோஜூல். நாலு சக்கரங்களும் சுழல்வதால் மட்டும் சேரும் ஆற்றல் 15 முதல் 20 கிலோஜூல். பிரேக் கரைக்க வேண்டிய ஆற்றலில் வீலின் சுழற்சிக்குச் சேருவது மூன்று, நான்கு சதவீதம். லேசான வீல் போட்டதும் பிரேக் பிரமாதமாகிவிட்டது என்பவர்கள் பெரும்பாலும் அதே நாளில் புது டயரும் போட்டவர்கள்.

அப்படியானால் லேசான வீலுக்குச் செலவழிப்பது வீணா?

வீண் இல்லை, ஆதாயம் வேறு இடத்தில் இருக்கிறது. கார் எடையை இரண்டாகப் பிரிக்கலாம்: ஸ்பிரிங்குக்கு மேலே தொங்கும் எடை, ஸ்பிரிங்குக்குக் கீழே சாலையோடு ஏறி இறங்கும் எடை. வீல், டயர், டிஸ்க், காலிப்பர், ஹப் எல்லாம் கீழ்க் கணக்கு. காரின் உடம்பு நொடிக்கு ஒன்று, ஒன்றரை முறைதான் மேலும் கீழும் அசையும். சக்கரமோ நொடிக்குப் பத்துப் பதினைந்து முறை குதிக்கும். அந்தக் குதிப்பை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் பெரிய வேலை.

சக்கரம் கனமாக இருந்தால் ஒரு மேட்டில் ஏறியபின் அது திரும்பித் தரையைத் தொடத் தாமதமாகும். அந்த இடைவேளையில் டயர் லேசாகத்தான் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். அப்போது பிரேக் மிதித்தாலும் வளைவில் திருப்பினாலும் பிடிமானம் குறைவு. வழுவழுப்பான சாலையில் இந்த வித்தியாசம் தெரியாது. தார் பெயர்ந்து அலை அலையாகிப் போன வளைவில் தெரியும்: கனமான வீல் போட்ட கார் பக்கவாட்டில் சிறு சிறு தத்தலாக வெளிப்பக்கம் நகரும், லேசான வீல் போட்டது கோட்டைப் பிடித்துக்கொண்டு போகும்.

அதனால் லேசான வீல் வாங்குபவர் ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டு போக வேண்டாம். மோசமான சாலை ஒன்றைத் தேடிப் போகட்டும்.

அலாய் என்றாலே ஸ்டீலைவிட லேசுதானே?

ஒரே அளவில் பெரும்பாலும் ஆம். ஆனால் அப்சைஸ் செய்யும்போது அளவு மாறிவிடுகிறது. 15 அங்குல ஸ்டீல் ரிம் எட்டு, ஒன்பது கிலோ இருக்கும். 18 அங்குலச் சாதாரண வார்ப்பு அலாய் பதினொன்று, பன்னிரண்டு கிலோ சாதாரணமாக வரும். அலுமினியத்தின் அடர்த்தி ஸ்டீலில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் அதன் வலுவும் குறைவு என்பதால் தடிமனாக வார்க்க வேண்டியிருக்கிறது.

காஸ்ட், ஃப்ளோ ஃபார்ம்டு, ஃபோர்ஜ்டு: என்ன வித்தியாசம்?

காஸ்ட் என்பது உருக்கிய அலுமினியத்தை அச்சில் ஊற்றுவது. மலிவு, கனம். ஃபோர்ஜ்டு என்பது அலுமினியக் கட்டியைப் பேரழுத்தத்தில் அடித்து வடிவத்துக்குக் கொண்டுவந்து, பிறகு இயந்திரத்தில் செதுக்குவது. உலோகம் நெருக்கமாக இறுகுவதால் மெல்லியதாகச் செய்ய முடியும். விலை எகிறும்.

ஃப்ளோ ஃபார்ம்டு நடுவில் வருவது, எனக்குப் பிடித்ததும் அதுதான். முகப்பை வார்த்துவிட்டு, வளையப் பகுதியை மட்டும் சூடாக்கிச் சுழற்றி, உருளைகளால் அழுத்தி நீட்டுகிறார்கள். வளையம் மெலிந்து, உறுதியும் கூடுகிறது. எடை குறைவது மையத்திலிருந்து தள்ளியிருக்கும் வளையத்தில் என்பதால், சுழற்சிக் கணக்கில் பார்த்தால் குறைய வேண்டிய இடத்தில்தான் குறைகிறது.

கார்பன் ஃபைபர் வீலும் இருக்கிறது. 2016 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஷெல்பி ஜிடி350ஆர் அதை ஸ்டாண்டர்டாகவே கொண்டு வந்தது. நம்மில் பெரும்பாலானோர் அதை வாங்கப்போவதில்லை என்பதால் மேலே போவோம்.

மைலேஜ் குறையுமா?

குறையும். ஆனால் எடை அதற்கு முக்கியக் காரணமில்லை. ஒரே வேகத்தில் ஓடும்போது வீல் எடை கிட்டத்தட்டப் பொருட்டே இல்லை. நின்று நின்று கிளம்பும் நகர ஓட்டத்தில் கொஞ்சம் சேரும். அதிகம் தின்பது டயரின் உருளல் தடை, அகல டயர் காற்றைக் கிழிக்கும் விதம், திறந்த ஸ்போக் டிசைன் காற்றைக் கலக்குவது. பல மின்சாரக் கார்களுக்குத் தயாரிப்பாளர்களே ஒவ்வொரு வீல் அளவுக்கும் தனித்தனி ரேஞ்சு கொடுக்கிறார்கள். பெரிய வீலுக்கு எண் குறைந்திருப்பதை அங்கேயே பார்க்கலாம்.

பெரிய வீல் போட்டால் பிரேக் நன்றாகப் பிடிக்குமா?

வீல் மட்டும் பெரிதானால் எதுவும் நடக்காது. பெரிய ஸ்போக்குகளுக்கு நடுவே சின்ன டிஸ்க் ஒன்று தட்டு மாதிரித் தெரியும், அவ்வளவுதான்.

டிஸ்க்கையும் பெரிதாக்கினால்? ஒரு தடவை அவசரமாக நிறுத்தும் தூரம் பெரும்பாலும் மாறாது. ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்யும் அளவுக்கு இப்போதே பிரேக் பிடிக்கிறதென்றால், எல்லை டயரின் பிடிமானத்தில் இருக்கிறது, பிரேக்கில் இல்லை. பெரிய டிஸ்க்கின் பலன் தொடர்ந்து மிதிக்கும்போது தெரியும்: மலையிறக்கம், ரேஸ் டிராக், முழுச் சுமையோடு நீண்ட பயணம். அதன் எடையும் பரப்பும் கூடுதல் என்பதால் சூடு தாங்கும். பெடல் மென்மையாகிப் பிரேக் கைவிடும் நிலை தள்ளிப்போகும்.

முன்பக்கம் மட்டும் பெரிய டிஸ்க் போட்டால் முன், பின் பிரேக் விகிதம் கலையும் என்பதையும், அந்த டிஸ்க்கின் எடை முழுக்க ஸ்பிரிங்குக்குக் கீழேதான் சேரும் என்பதையும் நினைவில் வையுங்கள். லேசான வீலுக்குக் கொடுத்த பணத்தைக் கனமான டிஸ்க்கில் தொலைப்பவர்கள் உண்டு.

எந்த வீலுக்குள் எவ்வளவு பெரிய டிஸ்க் அடங்கும்?

வீலின் அங்குல எண் டயர் உட்காரும் இடத்தின் விட்டத்தைச் சொல்கிறது. உள் வெற்றிடம் அதைவிடக் குறைவு. டயரை ஏற்றி இறக்க வசதியாக வளையத்தின் நடுவே ஒரு பள்ளம் இருக்கும்; அது உள்ளே துருத்திக்கொண்டிருக்கும். டிஸ்க்குக்கு வெளியே காலிப்பரின் முதுகு இன்னும் சில சென்டிமீட்டர் நீளும். ஆகவே டிஸ்க் விட்டத்தோடு பத்து சென்டிமீட்டர் போலச் சேர்த்தால் வருவதுதான் ரிம்மின் குறைந்தபட்ச விட்டம் என்று தோராயமாகச் சொல்லலாம். 300 மி.மீ. டிஸ்க்குக்கு 16 அங்குலம், 330க்கு 17, 355க்கு 18 என்று பெரும்பாலும் போகும். இது தொடக்கக் கணக்கு மட்டுமே. காலிப்பர் வடிவம் இதை அரை அங்குலம் முன்பின் தள்ளிவிடும்.

வீலும் பிரேக்கும் ஒன்றையொன்று கட்டிப்போட்ட வரலாறு நீளம். 1959இல் வந்த மினி காருக்கு 10 அங்குல வீல். அதற்குள் டிஸ்க் வைக்க முனைந்தவர்கள் 1961 மினி கூப்பரில் 7 அங்குல டிஸ்க்கைத்தான் நுழைக்க முடிந்தது. 1984இல் எல்லா மினிகளுக்கும் 8.4 அங்குல முன் டிஸ்க் கொடுத்தபோது வீலும் 12 அங்குலமாக வளர வேண்டியிருந்தது. பார்முலா ஒன் பந்தயத்திலும் பல பத்தாண்டுகள் 13 அங்குல வீல்தான். முன் டிஸ்க் 278 மி.மீ.க்கு மேல் போகவில்லை. 2022இல் 18 அங்குலத்துக்கு மாறியதும் முன் டிஸ்க்கின் விட்டம் 328 மி.மீ. ஆனது. சக்கரங்களும் கனத்தன.

கம்பெனி வீல் 17 அங்குலம். நான் வாங்கியதும் 17 அங்குலம்தான். பிறகு ஏன் காலிப்பரில் உரசுகிறது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். 17 என்ற எண் உள்பக்க வடிவத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. உரசல் மூன்று இடங்களில் வரலாம்.

முதல் இடம், காலிப்பரின் முதுகுக்கும் வளையத்துக்கும் நடுவே. வளையத்தின் பள்ளம் எங்கே இருக்கிறது, உலோகம் எவ்வளவு தடிமன் என்பது வீலுக்கு வீல் மாறும். காஸ்ட் வீலின் தடித்த வளையம் உரசும் இடத்தில் அதே அளவு ஃப்ளோ ஃபார்ம்டு வீல் தப்பித்துக்கொள்ளும்.

இரண்டாவது, காலிப்பரின் வெளிமுகத்துக்கும் ஸ்போக்கின் உள்பக்கத்துக்கும் நடுவே. ஸ்போக் ஹப்பிலிருந்து வெளியே வளைந்து போனால் இடம் கிடைக்கும். நேராகத் தட்டையாகப் போனால் இடிக்கும். நாலு, ஆறு பிஸ்டன் கொண்ட காலிப்பர்கள் வெளிப்பக்கம் அதிகம் துருத்துவதால் இங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

மூன்றாவதை யாரும் எதிர்பார்ப்பதில்லை: பேலன்ஸ் எடை. வீல் பேலன்ஸ் செய்யும்போது வளையத்தின் உள்பக்கத்தில் ஒட்டுகிற அந்தச் சின்னக் கட்டிகள் நாலைந்து மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். வெறும் ரிம்மை மாட்டிப் பார்த்தபோது 4 மி.மீ. இடைவெளி இருந்தது, சந்தோஷமாக டயர் ஏற்றி பேலன்ஸ் செய்து மாட்டினால் ஒவ்வொரு சுற்றுக்கும் 'டிக், டிக்' என்று சத்தம். கொஞ்ச தூரத்தில் காலிப்பர் அந்த எடையைப் பிய்த்து எறிந்துவிடும். சத்தம் நின்றுவிடும், ஸ்டீயரிங் நடுங்க ஆரம்பிக்கும். எடையை வளையத்தின் வேறு வரிசையில் ஒட்டச் சொன்னால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

வாங்கும் முன்பே சரிபார்க்க முடியுமா?

முடியும். பிரேக் கிட் தயாரிப்பாளர்கள் பலர் காலிப்பரின் குறுக்குவெட்டு வரைபடத்தை உண்மை அளவில் தருகிறார்கள். அதை அச்சடித்து அட்டையில் ஒட்டி வெட்டி, ரிம்மின் பின்பக்கம் ஹப் உட்காரும் தளத்தில் வைத்துச் சுற்றிப் பார்த்தால் போதும். அச்சடிக்கும்போது பக்கத்துக்கேற்பச் சுருங்கிவிடாமல் முழு அளவில்தான் வந்திருக்கிறதா என்று ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

வரைபடம் இல்லையென்றால் களிமண் முறை. குழந்தைகள் விளையாடும் மென்களிமண்ணைச் சிறு உருண்டைகளாக்கிக் காலிப்பரின் முதுகிலும் வெளிமுகத்திலும் ஒட்டுங்கள். டயர் இல்லாத ரிம்மை மாட்டி, நட்டுகளைக் கையளவு முறுக்கி, மெதுவாகக் கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். கழற்றிப் பார்த்தால் களிமண் எங்கே நசுங்கியிருக்கிறது, எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று தெரியும். குறைந்தது 3 மி.மீ. வேண்டும். வளைவில் போகும்போது வீலும் ஹப்பும் கொஞ்சம் நெளியும். அந்த நெளிவுக்குத்தான் இந்த இடம்.

இதில் ஒரு நுணுக்கம். பெரும்பாலான கார்களில் இருப்பது நகரும் காலிப்பர். பிஸ்டன் உள்பக்கம் மட்டும் இருக்கும், காலிப்பர் உடல் ஊசிகளின் மேல் பக்கவாட்டில் வழுக்கும். வெளிப்பக்கப் பேட் (டிஸ்க்கில் உரசும் பிரேக் கட்டை) தேயத் தேயக் காலிப்பர் காரின் உள்பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். தேய்ந்த பேடோடு ஸ்போக் இடைவெளியை அளந்து 'நல்லாயிருக்கு' என்று வீல் வாங்கிவிட்டால், அடுத்த சர்வீஸில் புதுப் பேட் போட்டதும் காலிப்பர் வெளியே வந்து ஸ்போக்கில் முட்டும். புதுப் பேடோடு அளங்கள். முடியாவிட்டால் வெளிப்பேடில் தேய்ந்துபோன தடிமனைக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஆஃப்செட் என்றால் என்ன? இடி45, இடி50 என்பதெல்லாம்?

ரிம்மின் அகலத்துக்கு நடுக்கோடு ஒன்று போடுங்கள். ஹப்பில் உட்காரும் தளம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறதோ அதுதான் ஆஃப்செட். இடி என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வருவது அந்த எண்தான். எண் கூடக்கூட வீல் காருக்குள் போகும். குறையக் குறைய வெளியே வரும்.

அகலமும் சேர்ந்து மாறுவதால் குழப்பம் வருகிறது. பழையது 6.5ஜே இடி50, புதியது 7.5ஜே இடி45 என்று வைத்துக்கொள்ளுங்கள் (ஜேக்கு முன்னால் வருவது ரிம்மின் அகலம், அங்குலத்தில்). அகலம் ஓர் அங்குலம், அதாவது 25.4 மி.மீ. கூடியது, இரண்டு பக்கமும் 12.7. ஆஃப்செட் 5 குறைந்ததால் எல்லாம் 5 மி.மீ. வெளியே நகர்ந்தது. ஆக வெளி விளிம்பு 17.7 மி.மீ. மட்கார்டை நெருங்குகிறது, உள் விளிம்பு 7.7 மி.மீ. ஸ்ட்ரட்டை (ஷாக் அப்சார்பர் இருக்கும் தூணை) நெருங்குகிறது. 'அஞ்சு மில்லிதானே' என்று நினைத்தது பதினேழு ஆகிவிட்டது. முழுச் சுமையோடு, ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி, ஒரு சக்கரத்தை மேட்டில் ஏற்றி வைத்துப் பார்த்தால்தான் மட்கார்டில் படுமா என்பது தெரியும்.

காலிப்பரில் உரசினால் ஸ்பேசர் போட்டுத் தீர்க்கலாமா?

ஸ்போக்கில்தான் உரசுகிறது என்றால் தீரும்; ஸ்பேசரின் தடிமன் அப்படியே இடைவெளியாகக் கிடைக்கும். வளையத்தில் உரசினால் தீராது. சில நேரம் காலிப்பருக்கு நேரே வளையத்தின் குறுகிய பகுதி வந்து நிலைமை மோசமாகும். ஸ்பேசர் போட்டதும் நட்டு போல்ட்டில் ஏறும் மரையின் நீளம் குறைகிறது என்பதால் நீளமான போல்ட் வேண்டும். வீல் பேரிங்கின் மேல் வரும் நெம்புவிசையும் கூடும். என்னைக் கேட்டால், ஸ்பேசர் தேவைப்படுகிற வீல் உங்கள் காருக்கான வீல் இல்லை.

போல்ட் துளைகள் பொருந்துகின்றன. வேறு எதைப் பார்க்க வேண்டும்?

நடுத்துளை. வீலை மையத்தில் பிடித்து நிறுத்துவது பெரும்பாலான கார்களில் ஹப்பின் நடு உதடுதான். வீலின் நடுத்துளை பெரிதாக இருந்தால் இடையே வளையம் போட வேண்டும். போடாவிட்டால் எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் நடுக்கம் போகாது. நட்டின் அடிப்பாகம் கூம்பா உருண்டையா என்பதும் வீலோடு பொருந்த வேண்டும். கூம்பு நட்டை உருண்டைக் குழியில் முறுக்கினால் ஒரு மெல்லிய கோட்டில்தான் தொடும், தானாகத் தளரும். ரிம்மில் பொறித்திருக்கும் சுமை எண், ஆக்ஸிலின் உச்ச சுமையில் பாதிக்குக் குறையக் கூடாது. மாட்டியபின் டார்க் ரெஞ்சால் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு முறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபாருங்கள்.

குண்டும் குழியுமான சாலையில் பெரிய வீல் தாங்குமா?

குட்டையான பக்கச் சுவரில் அதிர்வை வாங்க இடம் குறைவு. 205/55 ஆர்16 டயரில் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே 113 மி.மீ. ரப்பரும் காற்றும், 225/40 ஆர்18இல் 90. குழியின் விளிம்பு டயரை ரிம்மோடு நசுக்கினால் உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்து பக்கச் சுவரில் கொப்புளம் கிளம்பும். கொப்புளம் வந்த டயரை ஒட்டுப்போட முடியாது, மாற்றத்தான் வேண்டும். ரிம்மும் கோணலாகலாம். காற்றழுத்தத்தைக் குறையவிடாமல் பார்த்துக்கொள்வது ஓரளவு காப்பாற்றும்.

அளவைக் குறைக்கலாமா? 17இலிருந்து 16க்கு?

காலிப்பர் அடங்கினால் தாராளமாக. மொத்த விட்டத்தைக் காப்பாற்றி ஓர் அங்குலம் இறங்கினால் சொகுசு கூடும், டயர் விலை குறையும், குழிகளைப் பற்றிய பயமும் குறையும். ஸ்டீயரிங் கூர்மை கொஞ்சம் மழுங்கும். மோசமான சாலையில் ஓடும் காருக்கு 'பிரேக் அடங்கும் மிகச் சிறிய வீல்' என்பதுதான் என் தேர்வு. ஒரே மாடலின் கீழ் வகைக்கு 16 அங்குலம் வந்திருக்கிறதே என்று நம்பி வாங்கிவிட வேண்டாம்; மேல் வகைக்குப் பெரிய டிஸ்க் கொடுத்திருக்கலாம்.

முன்னே ஓர் அளவு, பின்னே ஓர் அளவு போடலாமா?

கம்பெனியே அப்படிக் கொடுத்திருந்தால் சரி. நாமாகச் செய்யும்போது மொத்த விட்டம் வேறுபட்டால், நாலு சக்கரங்களின் சுழற்சி வேகத்தை ஒப்பிட்டு முடிவெடுக்கும் ஏபிஎஸ் குழம்பும். நாலு சக்கர இழுவை வண்டியில் முன், பின் ஆக்ஸில்களை இணைக்கும் பகுதி ஓயாமல் வழுக்கிச் சூடாகிக் கெடும்.

பெரிய பிரேக் போட்டபின் பழைய ஸ்டெப்னி உதவுமா?

முன்பக்கம் உதவாமல் போக வாய்ப்பு அதிகம். மெல்லிய தற்காலிக ஸ்டெப்னிகள் பெரும்பாலும் வீலைவிடச் சிறியவை. பெரிய காலிப்பரின் மேல் ஏறாது. இதை ராத்திரி நேரத்தில் சாலையோரம் கண்டுபிடிப்பதைவிட, பிரேக் மாற்றிய அன்றே ஸ்டெப்னியை முன் ஹப்பில் ஒருமுறை மாட்டிப் பார்த்துவிடுவது நல்லது. ஏறவில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது: முன் டயர் பஞ்சரானால் பின் சக்கரம் ஒன்றைக் கழற்றி முன்னே போட்டு, ஸ்டெப்னியைப் பின்னே மாட்டுவது. முன், பின் வீல்கள் ஒரே அளவாக இருந்தால்தான் இது நடக்கும். ஜாக்கியை இரண்டு தடவை ஏற்றி இறக்க வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட ஸ்டெப்னியில் எழுதியிருக்கும் 80 கிலோமீட்டர் வேக எல்லையை அப்போதும் தாண்டக் கூடாது.